ஜூலை மாதத்து மஞ்சள் பூ

முசியே புருனேல் போட்ட படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால் வெறும் கூழ். சிவப்பில் கொஞ்சம், நீலத்தில் கொஞ்சம், நடுவில் சுண்ணாம்பை அப்பின மாதிரி வெள்ளை. பாரிஸிலிருந்து ரயிலேறி வந்து, ஒதீலின் விடுதியில் மாடி அறையை எடுத்துக்கொண்டு, வெயில் பாராமல் ஆற்றங்கரையில் உட்கார்ந்து இந்தக் கூழைக் கிண்ட வேண்டுமென்று ஒரு மனிதனுக்கு என்ன தலையெழுத்து என்று எங்கள் ஊரே சிரித்தது. அவருக்குக் கோபமே வராது. சாப்பாட்டுக் கூடத்தில், கடிகாரத்துக்கு எதிர்ச் சுவரில் ஈரப் படத்தை மாட்டிவிட்டு, சிரிக்கிறவர்களின் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளுவார். இன்னும் தள்ளி, இன்னும், கடிகாரத்துக்கிட்ட போய் நின்னு பாருங்க என்பார். யார் போவார்கள்? சூடான சூப்பை விட்டுவிட்டுக் கடிகாரத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்க எங்கள் ஊரில் யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை.

விடுதிக்காரி ஒதீலும் அப்படி நின்று பார்த்தவள் இல்லை. அவளுக்கு அடுப்பே கதி. ஆனால் சமையலறைக் கதவு அந்தக் கடிகாரத்தை ஒட்டித்தான் இருந்தது. ஜூலைக் கடைசியில் ஒரு சாயங்காலம் சூப்புப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவைத் தாண்டியவள், எதேச்சையாகத் தலையை நிமிர்த்தினாள். படத்தில் அவள் தம்பி உட்கார்ந்திருந்தான்.

முன்னால் கரை நிறையக் காட்டுப் பூக்கள். அதற்கப்புறம் ஓட்டமில்லாத தண்ணீர், ஆற்றிலிருந்து பிரிந்து செத்துப்போன கால்வாய்த் தண்ணீர். தண்ணீருக்கு அந்தப்பக்கம் பெரிய வில்லோ மரம். மரத்தடி நிழலில் ஒரு காலை நீட்டி, தலையை இடது தோளில் சாய்த்தபடி பஸ்தியேன். சின்ன வயதிலிருந்து அவன் அப்படித்தான் உட்காருவான். காலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கட்டு. அவள் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, யாரும் கவனிக்காதபடி படத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். பழுப்பில் இரண்டு அப்பல், சிவப்பில் ஒன்று, அவ்வளவுதான். தம்பியைக் காணோம்.

அந்த 1871 மே மாதம் பாரிஸில் நடந்ததை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கலகக்காரர்கள் தெருவை மறித்துத் தடுப்பு கட்டினார்கள். அரசாங்கப் பட்டாளம் உள்ளே புகுந்தது. பிடிபட்டவனைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். உள்ளங்கையில் வெடிமருந்துக் கறுப்பு இருந்தால் அதுவே தீர்ப்பு. பஸ்தியேன் அங்கே புத்தகத்துக்கு அட்டை தைக்கிற வேலையில் இருந்தவன், அந்தக் கலகத்தில் துப்பாக்கி பிடித்தான். தொடையில் குண்டு வாங்கிக்கொண்டு, வைக்கோல் வண்டி, பரிசல் என்று எதெதிலோ ஒளிந்து அக்காளிடம் வந்து சேர்ந்தான். அம்மா இல்லாத பிள்ளையை வளர்த்தவள் அவள்தான். வேறு எங்கே போவான்?

அவனை அந்த வில்லோவின் வேருக்கடியில் நரி வளை மாதிரி இருந்த பள்ளத்தில் வைத்திருந்தாள். பக்கத்திலேயே அவள் துணி துவைக்கிற கல். தினம் கூடையின் அடியில் ரொட்டியும் பன்றிக் கொழுப்பும் போகும், மேலே அழுக்குத் துணி போகும். பகலில் தலையை வெளியே நீட்டாதே என்று சொல்லித்தான் வைத்திருந்தாள். பயல் நாலு மணி வெயில் மரத்தடிக்கு வரும்போது காலைக் காயவைக்க வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறான். அந்த நாலு மணி வெயிலுக்காகத்தான் புருனேலும் எதிர்க்கரையில் தினம் காத்திருக்கிறார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

படத்தை ஏதாவது சாக்குச் சொல்லிக் கழற்றிவிடலாம் என்று அவள் நினைத்து வாய் திறப்பதற்குள் வாசலில் குதிரைச் சத்தம் கேட்டது. குதிரைப் போலீஸ். தலைவர் பெயர் தெலாக். கூட நான்கு பேர். பக்கத்து ஊர் மாவு மில்லில் ஒளிந்திருந்த இரண்டு பேரைப் போன வாரம்தான் பிடித்துக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். இன்னும் ஒருத்தன், நொண்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்திருக்கிறானாம். நான்கு நாள் இங்கேதான் தங்கல் என்று தொப்பியைக் கழற்றி வைத்தார் தெலாக். தடித்த ஆள், நல்ல தீனிக்காரர், பேச்சில் ஒரு குஷி உண்டு. அந்த மாதிரி ஆளைக் கண்டுதான் அதிகம் பயப்பட வேண்டும்.

சாப்பாட்டுக்கு நடுவே அவர் கண் படத்தில் விழுந்தது. எழுந்து போய் மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்று பார்த்தார். போன குளிர்காலப் போரில் பிரஷ்யாக்காரன் எங்கள் ஊர் வாத்தையெல்லாம் தின்றுவிட்டுப் போனானே, அவன் வாந்தியெடுத்தாலும் இதைவிட ஒழுங்காக இருக்கும் என்றார். கூடமே சிரித்தது. ஒதீலும் சிரித்தாள். அவ்வளவு மனசாரச் சிரித்ததே இல்லை. இப்படியே கிட்டே நின்று சிரித்துக்கொண்டிருக்கட்டும், மாதாவே, இந்த ஆளின் மூக்கை அங்கேயே ஒட்டிவை என்று வேண்டிக்கொண்டாள்.

புருனேல் விடுவாரா? எழுந்து வந்து தோளைப் பிடித்தார். "அங்கேருந்து தெரியாது தலைவரே. தள்ளி வாங்க."

"எவ்வளவு தள்ளி?"

"கடிகாரம் வரைக்கும்."

ஒதீல் கறிப் பாத்திரத்தோடு குறுக்கே போய் நின்றாள். முயல் கறி ஆறிவிடும், கொழுப்பு உறைந்துவிடும், வந்து உட்காருங்கள் என்றாள். தெலாக் ஒரு தட்டைக் கையில் வாங்கிக்கொண்டார், மென்றுகொண்டே பின்னால் நடந்தார். நாற்காலியை நகர்த்துகிற மாதிரி நடுவில் இழுத்துப் போட்டாள். அவர் அதைச் சுற்றிக்கொண்டு போனார். முதுகு கடிகாரத்தில் இடித்தது. மெல்லுகிற வாய் மெதுவாக நின்றது.

"அடேயப்பா, தண்ணி தெரியுதேய்யா" என்றார். குரலில் கேலி இல்லை. பிறகு முள்கரண்டியை நீட்டிக் கேட்டார். "அந்தப் பக்கம் மரத்தடியில செகப்பா இருக்கே, அது என்ன? பாப்பிப் பூ நெழல்ல பூக்காதே."

புருனேல் தோளைக் குலுக்கினார். தெரியாது என்றார். பொய்யில்லை, அவருடைய வேலை அப்படி. அது மரமா, மாடா, மனுஷனா என்று கேட்டால் கண் மூடிக்கொள்ளுமாம். பெயரைக் கேட்காமல் நிறத்தை மட்டும் பார்க்க வேண்டுமாம். அங்கே சிவப்பு இருந்தது, சிவப்பு வைத்தேன், பக்கத்தில் பழுப்பு இருந்தது, பழுப்பு வைத்தேன், இல்லாததை ஒரு புள்ளிகூட வைத்ததில்லை என்றார். பாரிஸில் அவரும் அவருடைய நண்பர்களும் இதற்காகவே ஊர் வாயில் விழுந்து எழுந்தவர்கள். அந்தக் கௌரவத்தில் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னார். அந்த நெஞ்சில் ஒரு கத்தியைச் சொருகலாமா என்று ஒதீலுக்கு இருந்தது.

"ஒரு ஆள் உக்காந்திருக்கற மாதிரியில்ல இருக்கு" என்றார் தெலாக்.

"நான்தான் அது" என்றாள் ஒதீல். வாய் முந்திக்கொண்டது. "அங்கதான் துவைக்கற கல்லு. துவைச்சு முடிச்சுக் கால நீட்டி உக்காருவேன். தலையில செகப்புத் துணி கட்டியிருப்பேன்."

தெலாக் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பனிக்காலத்தில் புருஷனைப் போரில் பறிகொடுத்தவள், உடம்பெல்லாம் கறுப்பு. "கறுப்பு கட்டற பொம்பளைக்கு செகப்பு ஏதும்மா?"

"தண்ணிக்கரைல யாரு பாக்கப்போறா தலைவரே. பழைய துணி."

அவர் சிரித்தார். நம்பினாரா இல்லையா என்று அந்தச் சிரிப்பில் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துப் புருனேல், சும்மா இருக்கக்கூடாதா, அந்த மரத்தடி மூலை இன்னும் முடியவில்லை, நாளை நாலு மணிக்கு அதே வெயிலில் போய்ப் பார்த்துத்தான் முடிக்க வேண்டும் என்றார். அப்படியா, இந்தக் கூத்தை நானும் வந்து பார்க்கிறேன் என்று தெலாக் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "நீயும் வந்து துவைம்மா. அதே செகப்போட. படமும் ஊரும் ஒத்துப்போகுதான்னு பாத்துருவோம்."

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். அவள் மடியில் இருந்தது கனமில்லை, நெருப்பு. போலீஸ்காரர்கள் கூடத்திலும் தொழுவத்திலும் படுத்தார்கள். வாசற்படியை எவனும் அறியாமல் தாண்ட முடியாது. விடிந்து துணிக்கூடையை எடுக்கிறவரை அவள் ஒரு கண் மூடவில்லை.

அவள் வில்லோவடிக்குப் போனபோது பஸ்தியேனுக்குக் காய்ச்சல் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் முதலில் அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. பாரிஸில் முழுப் பட்டாளத்துக்குத் தப்பினவனை ஒரு தாடிக்காரன் தூரிகையால் பிடித்துவிட்டானே என்றான். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"நானே போய் நின்னுடறேன்க்கா. உன்ன விட்ருவாங்க."

"வாய மூட்றா. உன்ன நிக்கவைக்கறதுக்கா தூக்கி வளத்தேன்?"

அவனை எங்கே கொண்டுபோவது? சுற்றிலும் அறுத்த புல்வெளி. நொண்டிக்கொண்டு ஒருத்தன் போனால் மாதா கோவில் கோபுரத்திலிருந்துகூடத் தெரியும். வில்லோவின் வேர்கள் தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தில் கழுத்துவரை அமிழ்ந்து நிற்க ஒரு பொந்து இருந்தது. அவன் அதில் இறங்குவது, அவள் அதற்கு முன்னால் கிளையில் ஈரத் துப்பட்டியை விரித்துத் தொங்கவிடுவது. வேறு வழி தோன்றவில்லை. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. தலையில் கட்டுவேன் என்று நேற்றிரவு அடித்துச் சொன்னாளே, அவளிடம் சிவப்புத் துணி என்று எதுவுமே கிடையாது. வீட்டில் இருந்த வண்ணத் துணியையெல்லாம் புருஷன் செத்த வாரமே கறுப்புச் சாயத்தில் முக்கியாகிவிட்டது.

பஸ்தியேன் குனிந்து காலில் சுற்றியிருந்ததை அவிழ்த்தான். கலகத்தில் இடுப்பில் கட்டியிருந்த சிவப்புக் கம்பளிக் கச்சை. அவள் அதைத் தண்ணீரில் அலசினாள். அலச அலசத் தண்ணீர் சிவந்தது. பிழிந்து தலையில் கட்டிக்கொண்டபோது ஈரத்தோடு அவன் புண்ணின் வாடை மூக்கில் ஏறியது. கட்டில்லாத காலோடு தம்பி தண்ணீருக்குள் இறங்கினான்.

நாலு மணிக்கு எதிர்க்கரையில் குடையும் வண்ணப் பலகையும் வந்தன. புருனேல் நின்றபடி வரைந்தார். அவருடைய மடக்கு முக்காலியில் தெலாக் உட்கார்ந்து, தொப்பி நிறையப் புளிப்புப் பழத்தை வைத்துக்கொண்டு தின்றார். அவர்கள் காலடியில் இரண்டாம் வெட்டுக்கு விட்ட புல்லில் கடைசிப் பாப்பிகளும் வெள்ளைச் சாமந்தி மாதிரிப் பூக்களும் காற்றில்லாமல் அசையாமல் நின்றன. தண்ணீரும் அசையவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. ஓடுகிற தண்ணீராக இருந்தால் ஒருத்தன் மூச்சுவிட்டால் தெரியாது. இது கண்ணாடி. பொந்திலிருந்து சின்ன வளையம் கிளம்பினாலும் எதிர்க்கரைவரை போகும். அதனால் அவள் ஓயாமல் துணியை அடித்தாள். அலையாவது கிளம்பிக்கொண்டே இருக்கட்டும். துவைத்ததையே துவைத்தாள். கை மரத்துப்போனது.

பின்னால் தம்பியின் பல் அடிப்பது கேட்டது. பிறகு அதுவும் நின்றது. நின்றதும்தான் அவள் அதிகம் பயந்தாள். துப்பட்டியின் ஓரத்துக்கு வெளியே, தண்ணீரை ஒட்டின வேரில், ஒரு கை வந்து பிடித்தது. மூழ்காமல் இருக்க அவன் பிடித்தாக வேண்டும். வெயில் நேராக அந்தக் கையில் விழுந்தது. பச்சைக்கு நடுவே வெளிறின மனிதத் தோல். அவள் அதைப் பார்த்தாள், தட்டிவிடவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. திரும்பினால் எதிர்க்கரையில் இரண்டு கண் கூடவே திரும்பும்.

தெலாக் பழத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். புருனேலின் கண்தான் அங்கே வந்து நின்றது. அவள் நன்றாகப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினார், தலையைச் சாய்த்தார், பலகையில் வெள்ளையையும் கொஞ்சம் சிவப்பையும் எடுத்துக் குழைக்க ஆரம்பித்தார். இல்லாததை வைக்கமாட்டார், இருப்பதை விடமாட்டார். அந்த நிறம் எது என்று சமையல்காரிக்குக்கூடத் தெரிந்தது. உரித்த கோழியின் நிறம், தம்பி கையின் நிறம். துவைக்கிற கட்டை அவள் கையில் நின்றுவிட்டது. முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று தோன்றியது.

தூரிகை துணிப்படத்துக்குப் போகிற வழியில் நின்றது. புருனேல் மறுபடி பார்த்தார். இந்தத் தடவை நிறத்தைப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அது என்ன என்று கேட்டுக்கொண்ட முகம். கையைப் பார்த்தார், துப்பட்டியைப் பார்த்தார், அவள் தலையில் இருந்த சிவப்பைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தூரிகையைக் கந்தலில் துடைத்தார். துடைத்துவிட்டு மஞ்சளைத் தொட்டார்.

"என்னய்யா வைக்கறே அங்க?" தெலாக் எட்டிப் பார்த்தார்.

"ஒரு பூ. மஞ்சள் ஐரிஸ்."

"எங்க இருக்கு?" முக்காலியிலிருந்து எழுந்து, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு வில்லோவைப் பார்க்கத் திரும்பினார் தெலாக்.

புருனேல் அவர் தோளைப் பிடித்தார். விடுதியில் எல்லாரையும் பிடிப்பது மாதிரியே பிடித்தார். "கிட்ட நின்னா தெரியாது தலைவரே. உங்களுக்குத்தான் நேத்தே சொன்னேனே. தள்ளிப் போங்க. தூரத்துல ஒசரமா நிக்குது பாருங்க ஒரு மரம், அது வரைக்கும் போங்க. அங்கேருந்து படத்தைப் பாருங்க."

நேற்று கடிகாரத்துக்குப் போய்க் கண்ட அதிசயம் தெலாக்கின் மனசில் இருந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு, பூவை மிதித்துக்கொண்டு, பின்னாலேயே நடந்தார். இன்னும் என்றார் புருனேல். இன்னும் கொஞ்சம் என்றார். தெலாக் சுண்டுவிரல் உயரத்துக்குச் சிறுத்துப் போகிறவரை விடவில்லை. ஒதீல் துப்பட்டியைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து, தம்பியின் தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, அவன் கையைப் பறித்துத் தன் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். உயிர் இருந்தது. கை ஐஸாக இருந்தது.

"தெரியுதுய்யா!" என்று தூரத்திலிருந்து கத்தினார் தெலாக். "பூ தெரியுது! நல்லாத் தெரியுது!"

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் புருனேல் எல்லாருக்கும் கேட்கும்படி, நாளை ஒரு படகை வாடகைக்கு எடுத்து ஆற்றோடு கீழே போகப்போவதாகவும், படுக்கத் துணிமூட்டை பெரிதாக வேண்டும் என்றும் சொன்னார். காலையில் போலீஸ்காரன் ஒருத்தனே ஒரு கை கொடுத்துப் படகைத் தள்ளிவிட்டான். படகு செத்த கால்வாய்க்குள் திரும்பி வில்லோவின் கீழே நின்று, பஸ்தியேனை அந்த மூட்டைக்கடியில் ஏற்றிக்கொண்டபோது ஒதீல் அங்கே இல்லை. தெலாக்குக்கு முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். தம்பியிடம் போய்வா என்று ஒரு வார்த்தை சொல்லக் கொடுத்துவைக்கவில்லை. புருனேல் திரும்பி வந்தபோது, ரூவான் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரன் நல்லவன், லண்டன் போகிறவன் என்று மட்டும் சொன்னார். படத்தை அவளிடமே விட்டுவிட்டார்.

"இத நான் விக்க முடியாது. இதுல ஒரு பொய் இருக்கு. ஜூன் முடியறதுக்குள்ள ஐரிஸ் உதிர்ந்துடும், ஜூலைல ஏது?"

"அழிச்சுடாதீங்க முசியே."

"அழிக்கமாட்டேன்" என்றார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்தப் புளுகு ஒன்பது வருஷம் சுவரில் தொங்கியது. கழற்றவும் வழியில்லை, ஏனென்றால் தெலாக்குக்கு அந்தப் படத்தின் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. அந்தப் பூவை வைக்கும்போது கூடவே இருந்தேன் என்று மார்தட்டுவார். புதிதாக வேலைக்குச் சேர்கிற போலீஸ்காரனையெல்லாம் கூட்டிவந்து, தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் கடிகாரத்தடியில் நிறுத்துவார். பாருடா, நல்லாப் பாருடா என்பார். ஒவ்வொரு தடவையும் ஒருத்தன் பின்னால் நடக்கும்போது ஒதீல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் வாயையே பார்ப்பாள். என்றைக்காவது எவனாவது ஒரு தோட்டக்காரன் மகன், ஜூலையில் ஐரிஸா என்று கேட்டுவிட்டால்? எவனும் கேட்கவில்லை. அந்தப் பயம் மட்டும் போகவில்லை.

கலகக்காரர்களுக்கு அரசாங்கம் மன்னிப்புக் கொடுத்த வருஷம் பஸ்தியேன் வந்தான். முன்நெற்றி ஏறி, தடியை ஊன்றிக்கொண்டு, இங்கிலீஷ்காரன் கோட்டில் வந்தான். அவள் அவனை உட்காரவைத்துச் சூப்பை ஊற்றினாள். அவன் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போனான். இதில் நான் எங்கேக்கா என்று கேட்டான். அன்று புருனேல் திருத்தி வரைந்ததில் மரத்தடிச் சிவப்பு காலில் இல்லை, அவள் தலையில்தான் இருந்தது. அவள் மஞ்சளைக் காட்டினாள்.

"இதுவா? ஒண்ணும் தெரியலையே" என்று சிரித்துக்கொண்டே, தடியை ஊன்றி, அவன் கடிகாரத்துப் பக்கமாகப் பின்னால் நடக்க ஆரம்பித்தான்.

"தள்ளிப் போகாதடா!" என்று அவள் அலறிவிட்டாள். கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஓடிப்போய் இரண்டு கையாலும் அவன் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாள். அவன் அக்காளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. சூப்பு ஆறிக்கொண்டிருந்தது.